என் கையில் நடந்தது

என் இரண்டு கைகளிலும் பத்து விரல்களும் முழுசாக இருக்கின்றன. இருபத்தெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நானும் ரொம்ப நாள் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று விளக்க வேண்டுமானால் என் மனைவியின் மூக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால் அவள் வளையலிலிருந்து.

அவள் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாள் எண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடி வளையல் இல்லாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ரெண்டு ஆறு சைஸ்தான். ஒரு பொங்கலுக்கு அது ஏறவில்லை, ரெண்டு எட்டு வாங்கினாள். அடுத்த வருஷம் அதுவும் ஏறவில்லை. சாத்தூரில் வளையல் கடைக்காரம்மா அவள் கையைச் சோப்பு போட்டு நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒனக்கு இன்னும் கை வளருதா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. நான்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தேன்.

"தாள எண்ணச் சொன்னா, தாளத் தின்னுட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"ஆமா, ஒங்களுக்கும் நாலு கட்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

அப்புறம் மோதிரத்தை ஆசாரி அறுத்து எடுத்தார். செருப்பு இரண்டு நம்பர் கூடியது. குறட்டை சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும். குரல் தடித்துப்போய், போனில் பேசுகிறவர்கள் அவளை நான் என்று நினைத்துக்கொண்டு "அண்ணாச்சி" என்பார்கள். சர்க்கரையும் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டாள், எல்லாம் அதனால்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். விருதுநகரில் புதிதாகக் கடை திறந்திருந்த சின்னப் பெண். பல் வலி என்று போனவளின் வாயைப் பார்த்தார், பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்திருப்பதைப் பார்த்தார், அப்புறம் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ஒங்க பழைய போட்டோ எதுவும் இருக்கா?" என்று கேட்டார். பர்ஸில் வாக்காளர் அட்டைதான் இருந்தது. அந்த அட்டையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபோதுதான், தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்தது. தாடை, மூக்கு, உதடு எல்லாம் வேறு. என் வீட்டில் ஒருத்தி மெல்ல மெல்ல இன்னொருத்தியாக மாறியிருக்கிறாள், நான் கேலி பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தப் பல் டாக்டர் பல்லை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மதுரைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிட்யூட்டரி. உடம்பை வளர்க்கும் சத்து அங்கிருந்துதான் வருமாம். அதில் அருநெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

ஆபரேஷன் டாக்டர் குள்ளமான மனிதர். பெண்களுக்கு இருப்பது போலச் சின்னக் கைகள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கைகள்தான், எங்கள் தொழிலில் ஆளைக் கையைப் பார்த்துத்தான் எடை போடுவோம். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"மண்டையத் திறக்க வேண்டாம். மூக்கு வழியாவே போய் எடுத்திரலாம். ஆனா ஒண்ணு சொல்லணும். கட்டிக்கு ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் ஓடுது. இந்த வியாதி இருக்கறவங்களுக்கு அது நெளிஞ்சு நடுப்பக்கமா வந்திருக்கும். உங்க வீட்டம்மாவுக்கும் வந்திருக்கு. அதுல கருவி பட்டா உயிருக்கே ஆபத்து. அபூர்வமா நடக்கும். நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்ல முடியாது."

நான் கையெழுத்துப் போட்டேன். 'பாதுகாப்பு விதிகள் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன' என்ற தாளில் எத்தனையோ பேரிடம் கைநாட்டு வாங்கியவன் நான். இந்த மாதிரிக் கையெழுத்து யாரைக் காப்பாற்றுவதற்கு என்று எனக்குத் தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மூக்குத்தியக் கழட்டணுமா டாக்டர்?"

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் இரும்புக் கதவு. கதவைத் தாண்டி ஆட்கள் போய் வரும்போதெல்லாம் நான் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன், அப்படிப் போகும்போதெல்லாம் கதவின் பித்தளைத் தகட்டை ஒருமுறை தொடுவேன். எனக்கே தெரியாமல் கை போய்விடும். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையும் முன்னால் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் நுனியில் ஒரு பொறி போதும். நாலைந்து தடவை பார்த்த செக்யூரிட்டி, "ஐயா, பிள்ளையார் கீழ இருக்காரு" என்றார்.

பதினோரு மணி வாக்கில் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். ஓடி வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. ஓடி வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேகமாக நடந்து வந்தால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"பி நெகட்டிவ் இன்னும் வேணும். ஒங்க பக்கம் ஆளு இருக்காகளா? உடனே வரச் சொல்லுங்க" என்றார்.

என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். நான் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். கம்பெனியில் என் மேஜைக்குள் ஒரு நோட்டு உண்டு. எந்தத் தொழிலாளிக்கு எந்த ரத்த வகை என்று வகைக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தேன். வெடித்த பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாருக்கு என்ன குரூப் என்று கூவிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, பல வருஷங்களுக்கு முன் நானே ஆரம்பித்தது.

"தம்பி, என் நோட்ட எடு. பி நெகட்டிவ் பக்கம், ஓ நெகட்டிவ் பக்கம். அதுல உள்ள ஒரு ஆள விடாதே. வேனப் போட்டு மதுரைக்குக் கொண்டாந்து சேத்துரு."

"சரி அண்ணாச்சி. நீங்க பயப்படாதீக" என்றான்.

அந்தப் பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அப்போது எனக்கு நினைவில்லை. நினைவு வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது.

அரை மணி நேரம் கழித்து டாக்டரே வெளியே வந்தார். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையைக் கழுவியவர் காலைப் பார்க்கவில்லை போல, பச்சைச் செருப்பில் ரத்தம். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நின்றபடி பேசவில்லை.

"நான் பயந்தது நடந்திருச்சு. கட்டிய எடுத்துக்கிட்டிருக்கும்போது வலது பக்கக் குழாய்ல என் கருவி பட்டு ஓட்டை விழுந்திருச்சு. நிறைய ரத்தம் போயிருச்சு. இப்ப நின்னிருக்கு. உயிரோட இருக்காங்க. மூளைக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு பாக்க ஆஞ்சியோ ரூமுக்குக் கொண்டு போறோம். இது என் கையில நடந்தது. நீங்க என்கிட்டதான் கேக்கணும், வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்பது மரியாதையான வார்த்தை. முறுக்கினேன். "என்ன டாக்டர் இப்பிடிச் சொல்லுறீக! நம்பித்தான அனுப்புனேன்!" என்று கத்தினேன். செக்யூரிட்டி ஓடி வந்தார். டாக்டர் அவரைக் கண்ணாலேயே நிறுத்தினார்.

"திட்டுங்க. ஆனா இப்ப நான் உள்ள போகணும். போயிட்டு வந்து மறுபடி உங்ககிட்ட உக்காருவேன்" என்றார். கையை விட்டேன். போனார். அன்றைக்கு மட்டும் நாலு முறை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் உள்ளே போனதும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்காக நின்றது பாதி. மீதி வேறு.

எங்கள் பக்கத்தில் வெடி விபத்து நடந்தால் அடுத்த நாள் பேப்பரில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: உரிமையாளரும் போர்மேனும் தலைமறைவு. யாரும் அதை அதிசயமாகப் படிப்பதில்லை. சம்பவத்துக்குப் பிறகு முதலில் காணாமல் போகிறவன்தான் போர்மேன் என்பது எங்கள் ஊர் வழக்கம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் காணாமல் போயிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய சீசன். ஆர்டர் நெருக்கியது. கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாள் எடுக்கக் கூடாது. ராத்திரி ஈரம் குடித்த மருந்து தானாகவே சூடேறும். இதைப் பாடமாக எடுத்தவனே நான்தான். முதல் நாள் மிச்சம் ஒரு தட்டு இருந்தது. கொட்டச் சொல்லாமல், "அதையும் எடுத்து வெடிக்குள்ள செலுத்திரு" என்றேன். அச்சங்குளத்துப் பெண் ஒருவர் அந்தத் தட்டைத் தூக்கினார். தட்டு கையில் இருக்கும்போதே பற்றிவிட்டது. உயிர்ச் சேதம் இல்லை. அவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது.

நான் மல்லாங்கிணற்றில் என் அக்கா வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன். சாயந்தரமானால் கடலைக்காட்டு வரப்பில் நடந்துவிட்டு, அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். திரும்பி வந்ததும் விசாரணைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: தொழிலாளி கைதவறித் தட்டைக் கீழே போட்டதால் விபத்து. அந்தம்மாவை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு ரத்தம் தேடி அலைந்த கதையைக் கேட்ட பிறகுதான் அந்த நோட்டை ஆரம்பித்தேன். முதல் பெயராக அவர் பெயரைத்தான் எழுதினேன். பி நெகட்டிவ். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

என் கையில் நடந்தது என்று ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து சொல்கிறார். நான் அவர் கையை முறுக்குகிறேன். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் பெண்டாட்டிக்காக அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நாலாம் நாள் அவள் கண் விழித்தாள். இரண்டு கையும் அசைந்தது, இரண்டு காலும் அசைந்தது. மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "மூக்குல ஆபரேஷன்னாக. தொடை ஏன் வலிக்குது?"

அதை அன்றைக்கு மத்தியானம் டாக்டரிடம் கேட்டேன். பழைய மண்டை ஓட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். குழாயில் ஓட்டை விழுந்த அடுத்த நொடி ஒன்றுமே தெரியாதாம், எல்லாம் சிவப்பு. கருவியை வெளியே இழுத்துவிடத்தான் கை துடிக்குமாம். இழுத்தால் முடிந்தது. உள்ளேயே இருந்து, ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே, பஞ்சை வைத்து அந்த இடத்தைத் தேடி அமுக்க வேண்டும். கூட நின்ற காது மூக்கு டாக்டர் கேமராவை அசைக்காமல் பிடித்திருக்கிறார். மயக்க டாக்டர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே, மூளைக்குப் போகிற அழுத்தம் விழாமல் பார்த்திருக்கிறார். நர்ஸ் தொடையைக் கீறக் கத்தியை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"தொடையிலருந்து ஒரு துண்டு சதை எடுத்து, நல்லா நசுக்கி, ஓட்டை மேல வச்சு அமுக்குனோம். நசுங்குன சதையில ரத்தத்தை உறைய வைக்கிற சத்து இருக்கு. கடையில விக்கிற எதையும் விட அதுதான் நல்லா ஒட்டும். பன்னெண்டு நிமிஷம் கைய எடுக்கல."

"தொடைய அந்த நேரத்துலயா கழுவித் துடைச்சீக?"

"இல்ல. காலையிலயே கழுவி, மருந்து போட்டு, துணி மூடி வச்சிருந்தோம். இந்த மாதிரிக் கேஸ்னா எப்பவும் வச்சிருப்போம். தேவைப்படாமப் போகணும்னு வேண்டிக்கிட்டுத்தான்."

எங்கள் மருந்து ரூம் வாசலில் மணல் வாளி வைப்பது போல. அது எனக்கு உடனே புரிந்தது. மற்றது புரிய நாள் பிடித்தது. பொறி பறந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு அதுதான் சரி, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் அந்த ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. இவர் பன்னிரண்டு நிமிஷம் கையை எடுக்காமல் நின்றிருக்கிறார், வெளியே வந்த பிறகும் எடுக்கவில்லை.

அதோடு முடியவில்லை. எட்டாம் நாள் மறுபடி ஆஞ்சியோ பார்த்தபோது, அடைத்த இடத்தில் குழாயின் சுவர் சின்னதாகப் புடைத்துக்கொண்டு நின்றது. விட்டால் இன்னொரு நாள் வெடிக்கும் என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை தானாக நாற்காலியின் இரும்பைத் தொட்டது. வேறொரு பெண் டாக்டர் வந்து, இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய் வழியாக ஒரு கம்பியை விட்டு, மண்டைக்குள் அந்த இடம் வரை கொண்டுபோய், வலை போட்ட மெல்லிய குழலை உள்ளே விரித்து வைத்தார். இரண்டு மணி நேரம். அவள் மறுபடியும் கண் விழித்தாள், மறுபடியும் கை கால் அசைந்தது. கட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கு மாதா மாதம் ஊசி. குழலுக்கு இரண்டு மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருக்க. ஒருநாள் கூட விடக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று முறை சொன்னார்கள், நான் விட்டேன். வீட்டுக்கு வந்து இருபதாம் நாள் பல் தேய்க்கும்போது அவளுக்கு ஈறில் ரத்தம் வந்தது. வாஷ்பேசின் சிவந்துவிட்டது. ரத்தம் போய்ச் சாகக் கிடந்தவளுக்கு ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரையா என்று, மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மருந்து ரூமில் பாதுகாப்பு பேசியே பழகியவனுக்கு எல்லா மருந்தும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஒருநாள் போனது. இரண்டாம் நாள் காலை அவளே டிஸ்சார்ஜ் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் வைத்தாள். வேகமாக நடந்து வந்த அதே நர்ஸ். ஊர் சாத்தூர்ப் பக்கம்தானாம், வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"யாரக் கேட்டு நிறுத்துனீக அண்ணாச்சி? உள்ள இருக்கது வலை. மாத்திரை இல்லைன்னா அதுல ரத்தம் கட்டி அடைச்சிரும். அடைச்சா ஒரு பக்கம் கை கால் விழுந்துரும். அம்புட்டுப் பேரு கஷ்டப்பட்டுப் பொழைக்க வச்சத நீங்க ஒருத்தரு சட்டப் பையில போட்டுக்கிட்டுத் திரியுறீகளா? மொதல்ல மாத்திரையக் குடுங்க. பிறகு மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கிக் குடுங்க. இன்னைக்கே வந்து டாக்டரப் பாருங்க."

என் அம்மா உயிரோடு இருந்தபோது கூட என்னை யாரும் இப்படித் திட்டியதில்லை. போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவள் விழுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் அந்த நர்ஸ் குரல் இறங்கியது.

"ரத்தம் குடுக்க வந்தாகள்ல ஒங்க ஆளுக, அவுகள நெனச்சாவது ஒழுங்கா இருங்க. நான்தான் சாம்பிள் கொண்டு பிளட் பேங்குக்குப் போனேன். எல்லாரும் வேலையப் போட்டுட்டு அப்படியே வந்திருக்காக. கையெல்லாம் மருந்துப் பொடி ஒட்டி வெள்ளியா மின்னுது. சோப்பு போட்டு மூணு தடவ கழுவியும் போகல. ஊசி குத்த எடம் தேடுறதே பெரும்பாடாப் போச்சு. நாலு பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்புனா, அழுகுறாக. ஒரு அக்காவுக்கு மட்டும் ரத்த அளவு நல்லா இருந்துச்சு, பதிமூணு. அவுக கையில பொடி இல்ல. வலது கையில மூணு விரலும் இல்ல."

நர்ஸ் அதற்கு மேலும் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை.

சூப்பர்வைசரைக் கேட்டேன். "ஆமா அண்ணாச்சி. நோட்டுல மொதப் பேரு அவுகதான. நம்ம கம்பெனிய விட்டுப் போயி வருசமாச்சேன்னு யோசிச்சேன். ஒரு ஆள விடாதேன்னீகளே. அச்சங்குளம் விலக்கு ரோட்டுல வந்து நின்னு வேன்ல ஏறிக்கிட்டாக" என்றான்.

என் மனைவியிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். விபத்து அவளுக்குத் தெரியும், மல்லாங்கிணறு தெரியும். முந்திய நாள் மருந்து தெரியாது, நான் எழுதிக் கொடுத்த தாள் தெரியாது. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள ரத்தம் எனக்குள்ள ஓடுது. நீங்க அவுக வாசல மிதிச்சது கூட இல்ல" என்றாள். அப்புறம், "என்னைக்குப் போறோம்?" என்றாள்.

நான் உடம்பு தேறட்டும் என்றேன், வெயில் குறையட்டும் என்றேன். அவள் விடவில்லை. அடுத்த மாத ஊசி போட்டுவிட்டு வந்த மறுநாள், ஒரு கிலோ சேவு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையில் வளையல் போட்டிருந்தாள். ஊசிக்கு வீக்கம் வடிந்து ரெண்டு எட்டு ஏறியிருந்தது.

அந்தம்மா வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். இடது கையும், வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலும்தான். அட்டை படபடவென்று பெட்டியாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "இப்ப எப்பிடி இருக்கீக? தலவலி எதுவும் இருக்கா? சாப்பிட்டீகளா?"

என் மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக வந்தீகளே. யாருன்னு தெரிஞ்சா வந்தீக?" என்று கேட்டாள்.

"போர்மேன் வீட்டம்மான்னு சொன்னாக. ரத்தம் இருந்துச்சு, குடுத்தேன். இவுகளுக்காக ஒண்ணும் வரல" என்றார், என் பக்கம் தலையை ஒரு வெட்டு வெட்டி.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. வழி நெடுக நல்ல நல்ல வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அந்தக் குள்ளமான டாக்டர் சொன்னதுதான் வந்தது.

"அன்னைக்கு ஒங்க கை தவறலம்மா. அது மொத நாள் மருந்து. கொட்டச் சொல்லாம எடுக்கச் சொன்னது நான். நீங்க தட்டக் கீழ போட்டீகன்னு எழுதிக் குடுத்ததும் நான். அது என் கையில நடந்தது."

அவர் மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கத்துவார், கையில் இருப்பதை எடுத்து எறிவார் என்று நின்றேன். என் கையை யாராவது முறுக்கினால் கூட நல்லது என்று இருந்தது.

"நான் போடலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் உயரவே இல்லை. "எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. பதினோரு வருசம். வீட்டுல ஒரு டம்ளர் கைதவறி விழுந்தாக் கூட, அன்னைக்கும் நீ இப்பிடித்தான போட்டேம்பாரு."

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க" என்று கூப்பிட்டார்.

அவர் கணவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அந்தம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்பச் சொன்னீகள்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

நான் முதலிலிருந்து சொன்னேன்.